உயிரோடிருந்தவருக்குச் செலுத்திய மௌனம்

கேட்க அமர்ந்திருக்கும் அன்பர்களே, கதைக்குள் நுழையுமுன் ஒரு கேள்வி. உங்கள் ஊரில் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் 'அன்புடன்' என்று கையெழுத்திட்டு உங்களிடம் கொடுத்த புத்தகம் இப்போது உங்கள் வீட்டின் எந்த மூலையில் இருக்கிறது, அதன் எத்தனையாவது பக்கம் வரை உங்கள் விரல் போயிருக்கிறது? விடையை எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு, பிறகு ஆவரங்குளத்துக்கு வாருங்கள்.

ஆவரங்குளத்தில் நல்லதம்பி தையலகத்தின் மாடியில், மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஊர் இலக்கிய வட்டம் கூடுவது வழக்கம். கீழே நான்கு தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்க, மேலே வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை என்று உரைகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வட்டத்துக்குப் பதினோரு ஆண்டுகளாகச் செயலாளராக இருந்தவர் ஆவுடைத்தங்கம் டீச்சர். நாற்காலி போடுவதிலிருந்து நன்றி சொல்வதுவரை எதிலும் பிசகாதவர். எந்த நிகழ்ச்சிக்கு என்ன பேசுவது என்பதற்கு அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. அதில் எல்லா உரைகளும் அழகிய கையெழுத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கோடு. யாராவது இறந்துபோனால் அவர் இருபத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டுவார். 'மறைந்த இன்னாரின் நூலை மூன்று முறை படித்தேன், கடைசிப் பக்கத்தில் கண்கலங்கினேன்' என்று அங்கே இருக்கும். டீச்சர் பொய் பேசுகிறவர் அல்லர். கூட்டம் நன்றாக நடக்க வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

அந்த வட்டத்தின் கடைசி வரிசையில், மாடிப்படியை ஒட்டிய நாற்காலியில், தவசிக்கனி என்றொரு மனிதர் உட்கார்வார். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது எங்கே புறப்படும் என்பதை ஒலிபெருக்கியில் அறிவிப்பவர். வண்டிக்கு நிற்கும் சனங்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு, வண்டி நடைகளைக் குறிக்கும் பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்புறத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்புகளிலிருந்து 'தகரப் பந்தல்' என்றொரு நாவலை எழுதி, வட்டத்தில் எல்லோருக்கும் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். அடுத்த நாவலை ஒன்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. பேருந்து நிலையத்தில் தற்செயலாகச் சந்திக்கும் இரண்டு சகோதரிகள், இருபது வருடப் பகைக்குப் பிறகு, ஒருத்தியிடம் ஒருத்தி என்ன பேசிக்கொள்வார்கள் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. என்றைக்காவது யாராவது பேசுவார்கள், நாம் கேட்போம் என்று காத்திருந்தார். மதிய வண்டியை அறிவிக்க வேண்டுமென்பதால், தம்முடைய முறை வருமுன்னே எழுந்து போய்விடுவார். அவரை யாரும் பேசச் சொன்னதும் இல்லை.

ஒரு தை மாதத்தில் பேருந்து நிலையச் சுவரில் 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு சுவரொட்டி தென்பட்டது. தவசிக்கனி என்ற பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. படத்தின்மேல் யாரோ காதணி விழாச் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள். இறந்தவர் பக்கத்து ஊரில் சிமெண்டுக் கடை வைத்திருந்த வேறொரு தவசிக்கனி. நம்முடையவரோ மகளின் பிரசவத்துக்காக மனைவி பொன்னுத்தாயை அழைத்துக்கொண்டு ஓசூர் போயிருந்தார். அவருடைய கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ஊமையாகியிருந்தது. வட்டத்தின் தலைவர் புலவர் வேதமாணிக்கம் டீச்சருக்குப் போன் செய்தார்.

“அம்மா ஆவுடை, நம்ம தவசிக்கனி போயிட்டாராமே! சுவத்துல பாத்தீங்களா?”

“பாத்தேன் ஐயா. போன் போகமாட்டேங்குது. வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வந்துருவோமா?”

“போகலாம். வீடு எங்க இருக்கு?”

“தெரியலையே ஐயா. கவிஞருக்குத் தெரிஞ்சிருக்குமோ?”

“மின்னல்பாரிக்கா? அவருக்குத் தன்னோட வீடே சில நாள் தெரியாது. விடுங்கம்மா, கூட்டத்தைப் போட்டுருவோம்.”

பதினோரு ஆண்டுகள் ஒரே மாடியில் உட்கார்ந்தும் அந்த மனிதரின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது மற்ற முப்பது உறுப்பினர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதை ஒரு குற்றமாக அன்று யாரும் எண்ணவில்லை.

முதல் ஞாயிறன்று அஞ்சலிக் கூட்டம் நடந்தது. குழுப் படம் ஒன்றிலிருந்து தவசிக்கனியின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். வேறொருவருடைய தோள் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது பேர் பேசினார்கள். அந்த நாவல் மண்ணின் மூச்சு என்றார் புலவர். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவதாகச் சொன்னார் கவிஞர் மின்னல்பாரி. டீச்சர் இருபத்திரண்டாம் பக்கத்தை வாசித்தார். பேசிய ஒன்பது பேரில் ஒருவர்கூட அந்நூலைப் பிரித்திருக்கவில்லை. பிறகு கீழே சொல்லியனுப்பி இயந்திரங்களை நிறுத்தி, எல்லோரும் எழுந்து தலைகுனிந்து, இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள்.

அந்த இரண்டாவது நிமிடத்தில், ஓசூர் வண்டியிலிருந்து இறங்கி, மனைவியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முதல் ஞாயிறைத் தவறவிடக் கூடாதென்று, கையில் பையோடு நேராக மாடியேறி வந்தார் தவசிக்கனி. எல்லோரும் தலைகுனிந்து நிற்பதைக் கண்டார். படம் ஆட்களின் முதுகுக்கு அப்பால் மறைந்திருந்தது. யாரோ ஒருவர் காலமாகிவிட்டார், பாவம், என்று எண்ணி, பையை ஓசைப்படாமல் கீழே வைத்து, செருப்பைக் கழற்றி, தாமும் தலைகுனிந்து நின்றார். இப்படியாக ஒரு மனிதர் தமக்குத் தாமே மௌனம் காத்தார்.

இறந்தவருக்காகக் காக்கும் மௌனம் இறந்தவரோடு போய்விடும். அதற்குப் போக ஓரிடம் உண்டு. இந்த மௌனத்துக்குப் போக இடமில்லை. அது மாடி முழுவதும் ஒருமுறை சுற்றியது, தனக்கு உரியவர் கதவோரம் உயிரோடு நிற்பதைக் கண்டது, போய் அவர்மேல் ஒரு போர்வையைப்போல் படிந்துகொண்டது. திரும்பிப் பார்த்த மின்னல்பாரி அலறியபடி அவரை நோக்கி ஓடினார். இரண்டு முழத் தூரத்தில் அந்த அலறல், பாதி வாயில் இருக்கும்போதே, அறுந்துபோனது. தவசிக்கனி என்ன என்று கேட்டார். அவர் கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. அவர்கள் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை.

தையற்காரர் நல்லதம்பி மேலே வரவழைக்கப்பட்டார். அவர் மௌனத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தடவிப் பார்த்தார். வெளியே வந்து, “இது ஒத்தைத் துணி இல்லீங்க. ஒம்பது மடிப்பு. எண்ணிட்டேன். கத்திரிக்கோல் ஏறாது” என்றார். ஏன் ஒன்பது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. காது மருத்துவர் அவருடைய காதுகளில் ஒரு பழுதும் இல்லையென்று எழுதிக் கொடுத்தார். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி வேலைக்கு வேறொருவரைப் போட்டு, தவசிக்கனியைக் கரும்பலகையில் சாக்கட்டியால் வண்டி நேரம் எழுதச் செய்தார்கள். கையெழுத்து தெளிவாக இருந்ததால் பயணிகள் மகிழ்ந்தார்கள். அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் பாய் கொண்டுவந்து அவரைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி அதிகாலையிலேயே தொடங்கியபோது, பக்கத்துத் தெருக்காரர்கள் அவரை முறைவைத்துத் தங்கள் வாசல்களில் உட்காரச் சொன்னார்கள். சண்டையிட்ட கணவனும் மனைவியும் அவருடைய இருபுறமும் அமர்ந்து, வாயைத் திறந்து மூடித் தங்கள் கோபத்தையெல்லாம் கொட்டிவிட்டு, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமலே சமாதானமாகி எழுந்துபோனார்கள்.

இலக்கிய வட்டமோ இதைத் தன்னுடைய சாதனையாகவே கருதியது. “மாவட்டத்துல எத்தனையோ அமைப்பு இருக்கு. செலுத்தின அஞ்சலி இன்னும் கலையாம நிக்கிற அமைப்பு நம்மதுதான்” என்று புலவர் தலைமையுரையில் சொல்லி, தவசிக்கனிக்குப் பொன்னாடை போர்த்தினார். கூட்டங்களில் அவருக்கு ஒரு பயனும் கண்டுபிடித்தார்கள். பேச்சாளர் நேரம் கடந்து பேசினால் முன்பெல்லாம் மணியடிப்பார்கள். இப்போது தவசிக்கனியின் நாற்காலியை மெல்ல மேடைப்பக்கம் நகர்த்தினார்கள். புலவர்மீதே ஒருநாள் இதைப் பிரயோகித்தபோது, அவர் மேலும் முக்கால் மணி நேரம் கையை வீசி வீசிப் பேசி முடித்து, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு அமர்ந்தார்.

தவசிக்கனி எல்லாவற்றுக்கும் உடன்பட்டார். நகர்த்திய இடத்தில் உட்கார்ந்தார். ஆனால் ஏழாம் மாதக் கூட்டம் முடிந்ததும் டீச்சரிடம் ஒரு டிரிப் ஷீட்டைக் கொடுத்தார். அதன் பின்புறம் பென்சிலால் எழுதியிருந்தது:

'டீச்சருக்கு. நான் எழுதுகிறவன் இல்லை, கேட்கிறவன். ஏழு மாதமாக ஒரு மனிதக் குரலையும் கேட்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் அந்த இரண்டு பெண்களும் வாயைத் திறக்கிறார்கள், ஒன்றும் வரவில்லை. என் வீட்டில் திட்டுகிற சத்தம்கூட எனக்கு மறந்துபோய்விட்டது. அடுத்த மாதத்துக்குள் இது தீராவிட்டால் எழுதியதைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். என் பெயரையும் உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிடவும். இத்தனை நாள் நாற்காலி கொடுத்ததற்கு நன்றி.'

விலகல் கடிதத்துக்குப் பதில் எழுத மாதிரி இருக்கிறதா என்று டீச்சர் நீல நோட்டைப் புரட்டினார். புரட்டுகையில் இருபத்திரண்டாம் பக்கம் வந்தது. அதன் கோட்டின்மேல் பென்சிலால் எழுதி, பிறகு அழித்த பெயரின் தடம் இன்னும் தெரிந்தது. அன்று பேசியவர்களை மனத்துக்குள் ஒவ்வொருவராக எண்ணினார். ஒன்பது பேர். தையற்காரர் எண்ணிய மடிப்புகளும் ஒன்பது. நோட்டை மூடிவைத்தார்.

வீட்டில் 'தகரப் பந்தல்' இருந்தது. கிரைண்டரின் குட்டையான காலுக்கு அடியில் இருந்தது. வெளியீட்டு விழாவில் சுற்றிக் கொடுத்த வண்ணத்தாள்கூடப் பிரியாமல் இருந்தது. டீச்சர் கிரைண்டரைச் சாய்த்து அதை எடுத்து, மாவைத் துடைத்து, ஒரு சனிக்கிழமை காலை தொடங்கி ஞாயிறு மதியம் முடித்தார். பேருந்து நிலையத்தின் தகரப் பந்தலுக்குக் கீழே இட்லிக்கடை வைத்திருக்கும் கோமு என்பவளின் கதை அது. டீச்சர் எதிர்பார்த்தபடி கடைசிப் பக்கத்தில் அழுகை வரவில்லை. ஆறாம் அத்தியாயத்தில் சிரிப்பு வந்தது. அடுப்படியில் தனியாக உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரு கேள்வியும் வந்தது. அந்தக் கேள்வியோடு புறப்பட்டு, பேருந்து நிலையத்தில் வழிகேட்டு, முதன்முறையாகத் தவசிக்கனியின் வீட்டைக் கண்டுபிடித்தார். டீச்சரின் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில்தான் இருந்தது அது.

“வாங்க டீச்சர்” என்றாள் பொன்னுத்தாய். “உள்ள போனா உங்களுக்கும் ஒண்ணும் கேக்காது, சொல்லிட்டேன். ஏழு மாசமாத் திட்டுறேன், ஒரு சொல்லு ஏறல. பதில் வராத வீட்டுல ஒருத்தி எத்தன நாளைக்குத்தான் திட்டுவா? எனக்கே அலுத்துப்போச்சு.”

டீச்சர் மௌனத்துக்குள் நுழைந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். பழக்கதோஷத்தால், “உங்கள் நாவலைப் படித்துக் கண்கலங்கினேன்” என்று தொடங்கினார். ஒன்றும் நிகழவில்லை. தவசிக்கனி மரியாதையாக அவருடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் நிறுத்தினார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தமக்கே கேட்காத குரலில் பேசினார்:

“அண்ணாச்சி, அன்னைக்கு நான் சொன்னது பொய். உங்க புத்தகத்தை நான் பிரிக்கவே இல்ல. கிரைண்டருக்கு அடியில முட்டுக் குடுத்திருந்தேன். நேத்தும் இன்னைக்குந்தான் படிச்சேன். அழல. கோமு கண்டக்டருக்குச் சட்னி ஊத்தமாட்டேன்னு சொல்ற இடத்துல சிரிச்சேன். ரெண்டு தடவை திருப்பிப் படிச்சேன். ஆனா ஒண்ணு கேக்கணும். பதினோராம் அத்தியாயத்துல செத்துப்போன கறுப்பு ஆடு, பதினாலுல எப்படிக் கத்துது?”

ஒரு மடிப்பு விலகியது. 'கத்துது' என்ற கடைசிச் சொல் மட்டும், ஆழ்கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல, தவசிக்கனியின் காதில் விழுந்தது. அவர் நிமிர்ந்தார். டீச்சர் தம் கேள்வியை அவர் காதருகே குனிந்து இன்னொருமுறை கேட்டார். ஏழு மாதங்களுக்குப் பிறகு அந்த மனிதர் முதன்முதலாகப் பேசியது நன்றியன்று, கண்டனம்.

“ஆடு செத்துச்சுன்னு நான் எங்க எழுதினேன் டீச்சர்? செத்துச்சுன்னு பக்கத்துக் கடைக்காரன் சொன்னான்னு எழுதினேன். யாரும் போய்ப் பாக்கல. நீங்க ஒழுங்காப் படிக்கல.”

டீச்சர் பதினோராம் அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தார். அவர் சொன்னது சரி.

மறுநாளிலிருந்து டீச்சர், அஞ்சலிக் கூட்டத்தில் பேசிய மற்ற எட்டுப் பேரின் வீட்டுக்கும் நடந்தார். நூலைத் தொலைத்திருந்தவர்களுக்குத் தம் பிரதியைக் கொடுத்தார். மின்னல்பாரி இரண்டு நாளில் படித்து முடித்துத் தவசிக்கனியின் முன்னால் போய் நின்று, “தோழர், ஏழாம் அத்தியாயத்துல நான் தூங்கிட்டேன். எட்டுல என்னை எழுப்பிட்டீங்க” என்றார். ஒரு மடிப்பு விலகியது. அச்சகக்காரர் வைரக்கண்ணு பின்னட்டையை மட்டும் படித்துவிட்டுப் போய்ப் பேசினார்; நல்லதம்பி மறுநாள் தடவிப் பார்த்து, ஒரு மடிப்பு முன்னைவிடத் தடித்திருப்பதாகச் சொன்னார். வைரக்கண்ணு வெட்கப்பட்டுக் கடையை இரண்டு நாள் அடைத்து, முழுவதும் படித்துவிட்டு மறுபடி போனார். ஐப்பசி பிறப்பதற்குள் எட்டு மடிப்புகள் விலகின. மிஞ்சியது ஒன்றுதான், அது சுருங்கித் தவசிக்கனியின் இடக்காதைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு நின்றது. அது புலவருடையது.

டீச்சர் மூன்று முறை போய்க் கேட்டார்.

“படிக்காம என்னம்மா? கண்ணுல புரை எடுத்திருக்காங்க. கொஞ்சம் தெளியட்டும்.”

“நான் வேணா படிச்சுக் காட்டுறேன் ஐயா.”

“அஞ்சு நாள் தொடர் சொற்பொழிவு ஒண்ணு இருக்கு. அது முடியட்டும்.” பிறகு சொன்னார்: “நாப்பது வருசம் பிள்ளைங்க பாடம் ஒப்பிக்கக் கேட்டவன் நான். இப்ப ஒரு பஸ் ஸ்டாண்டுக் கதையைப் படிச்சுட்டு, அந்த ஆளு முன்னாடி போய் ஒப்பிக்கணுமா? வர்ற ஞாயிறு பாப்போம், ஆவுடை. ஒரு காதுதானே!”

அந்த ஞாயிறு வந்தது. வியாழக்கிழமையே புலவர் காலமாகியிருந்தார். இம்முறை டீச்சர் அவருடைய வீட்டுக்கே போனார்; கண்ணால் பார்த்தார். புலவரின் மேசைமேல் 'தகரப் பந்தல்' விரித்தபடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, அதன்மேல் கண்ணாடி. அறுபத்தொன்றாம் பக்கம். ஓரத்தில் புலவரின் கோணல் கையெழுத்தில் 'நன்று' என்று ஒரு சொல் எழுதியிருந்தது. டீச்சர் அதைக் கொண்டுபோய்த் தவசிக்கனியிடம் காட்டினார். அவர் நெடுநேரம் அந்தச் சொல்லைப் பார்த்தார். மடிப்பு அசைந்ததாக அவருக்குத் தோன்றியது, விலகவில்லை. சொல்ல வேண்டியவர் வந்து சொல்லாமல் அது விலகாது.

அஞ்சலிக் கூட்டத்தில் டீச்சர் நீல நோட்டைத் திறக்கவில்லை. எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: “ஐயா எழுதி நமக்கெல்லாம் குடுத்த வெண்பா நூலை நம்மில் யார் படிச்சிருக்கோம்? உள்ளதைச் சொல்லுங்க.”

முப்பது பேர் அமர்ந்திருந்த அந்த மாடியில், கீழே தையல் இயந்திரங்கள் ஓடும் ஓசை நன்றாகக் கேட்டது. கடைசி வரிசையில், படியோரத்தில், ஒரு கை மட்டும் உயர்ந்தது. தவசிக்கனி முன்னால் வந்தார். இரண்டாம் பகுதியில் மழை பற்றிய பதினாறு பாடல்களும் சரக்கில்லாதவை என்றும், மகள் இறந்தபோது புலவர் எழுதிய ஒன்பது பாடல்களைத் தாம் மனப்பாடம் செய்திருப்பதாகவும், அதை அவரிடம் சொல்ல ஆறு ஆண்டுகளாக நினைத்து, அவ்வளவு பெரிய புலவரிடம் நாம் போய் என்ன சொல்வது என்று கூச்சப்பட்டு இருந்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு அந்த ஒன்பதையும் சொன்னார். புலவருக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதே அன்றுதான் வட்டத்துக்குத் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் யாரும் மௌனம் காக்கவில்லை.

தவசிக்கனி நாவலை முடித்தார். கடைசி அத்தியாயத்தில் அக்காள் பேசுவதெல்லாம் அச்சில் இருக்கிறது. தங்கை இடப்பக்கம் நின்று பேசுகிறாள். அங்கே ஒரு பக்கம் வெற்றாக விடப்பட்டிருக்கிறது. பொன்னுத்தாய் இப்போது வலப்பக்கம் வந்து நின்றுதான் திட்டுகிறாள். ஆவுடைத்தங்கம் டீச்சர் நீல நோட்டைக் கிரைண்டரின் காலுக்கு அடியில் வைத்திருக்கிறார். உயரம் சரியாக இருக்கிறது.

அன்பர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்ட விடை உங்களோடுதான் இருக்கிறது. எழுந்திருங்கள். அந்தப் புத்தகத்தைத் தேடியெடுத்து இன்றே பிரியுங்கள். படித்ததை உள்ளபடியே சொல்லுங்கள். குறை கண்டால் குறையையும் சொல்லுங்கள், எழுதியவர் அதற்காகவும் காத்திருக்கிறார். வருகிற ஞாயிறு என்று வைக்காதீர்கள்; புலவரும் அப்படித்தான் வைத்தார். எழுதியவருடைய வீடு எங்கே என்று தெரியாவிட்டால், பொழுது சாய்வதற்குள் யாரிடமாவது விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.